உப்பு தின்ற ஹவுசிங்

ஜீப்பை இரும்புக்கடையில் போட்டுவிடச் சொன்னவர்கள் எல்லாரும் என் நன்மைக்குத்தான் சொன்னார்களாம். மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது சொன்னார்கள், ரேஷன் கடை வரிசையில் சொன்னார்கள், நான் மண் ஏற்றிக் கொடுத்த சூளைக்காரர்களில் ஒருவரும் சொன்னார். வண்டி ஓடாமல் நின்றதில் அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. இனிமேல் இவள் போகவேண்டிய இடத்துக்குப் போய்விடுவாள் என்கிற நிம்மதி.

போகவேண்டிய இடம் என்று அவர்கள் நினைத்தது மரக்காணத்தை. அங்கே உப்பளம் வைத்திருந்த ஒரு குடும்பத்தில் என்னைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். விருத்தாசலத்தில் பீங்கான் சூளைக்கு நெருப்புப் போடும் வேலை பார்த்த அப்பா, என் கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் இறந்துபோனார். நான் ஒரே பெண். அம்மா பொம்மைக் கம்பெனி ஒன்றில் பீங்கான் பொம்மைகளுக்குக் கண்ணும் புருவமும் எழுதிக்கொண்டு இருந்தாள்.

எனக்குப் போட்ட நகையை விற்றுத்தான் அந்த ஜீப்பை வாங்கினோம். ராணுவத்திலிருந்து ஏலத்தில் வந்த பழைய வண்டி. நான்கு சக்கரமும் இழுக்கும். நகை என்னுடையது என்பதால் வண்டியும் என் பேரில்தான் இருந்தது. அளத்து வரப்பின்மேல் ஓட்டிப்போய் ஆட்களை இறக்கிவிட என் வீட்டுக்காரருக்கு இன்னொரு டிரைவர் தேவைப்பட்டது, அதனால் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அதற்கு மட்டும் இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்வேன்.

முதல் தடவை கதவைச் சாத்திக்கொண்டு அடித்தார். அடுத்த தடவை உப்பு வாரும் பெண்களுக்கு முன்னால் அடித்தார். அவர்களில் ஒருத்திக்கு வயிற்றுவலி என்று அவரைக் கேட்காமல் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதுதான் காரணம். மறுநாள் காலையில் அவர் வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பையை முன்சீட்டில் போட்டு ஜீப்பைக் கிளப்பினேன். கடைக்குப் போகிறேன் என்று நினைத்திருப்பார். திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை என்று வந்து, வெயில் இறங்குவதற்குள் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். நான் ஓடி வந்துவிட்டதாகத்தான் பிற்பாடு ஊரில் பேசிக்கொண்டார்கள். ஓடி வரவில்லை. ஓட்டிக்கொண்டு வந்தேன்.

அம்மா அக்கம்பக்கத்தில், பொண்ணு கொஞ்ச நாள் தங்கிவிட்டுப் போக வந்திருப்பதாகச் சொல்லிவைத்தாள். நான் அதை மறுக்கவில்லை, ஆனால் சும்மா உட்காரவும் இல்லை. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. ஊரைச் சுற்றிச் சின்னச் சின்ன சூளைகள் நிறைய ஓடின. ஃபியூஸ் கட்டை, ஜாடி, பொம்மை என்று ஆளுக்கு ஒன்று செய்தார்கள். மழைக்காலம் வந்தால் மண் வெட்டும் குழிக்குள் லாரி இறங்காது, இறங்கினால் ஏறாது. என் ஜீப் இறங்கும், ஏறவும் ஏறும். பின்னால் ஒரு சின்ன டிரெய்லரை மாட்டிக்கொண்டு குழியிலிருந்து சூளைக்கு மண் அடித்தேன். மழை இல்லாத நாட்களில் பொம்மைகளை வைக்கோல் வைத்துக் கட்டி திட்டக்குடி, அதற்குப் பக்கத்து மங்களூர் என்று கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். பெண்பிள்ளை மண் வண்டி ஓட்டுகிறாள் என்று முதலில் சிரித்தவர்கள், ஐப்பசி மழையில் அவர்கள் சூளைக்கு மண் தீர்ந்தபோது ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள்.

அப்புறம்தான் ஹவுசிங் போயிற்று.

ஹவுசிங் என்று மெக்கானிக்குகள் சொல்வது பின்பக்கச் சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே குறுக்கே போகிற இரும்புக் கூட்டை. இரண்டு பக்கமும் குழாய், நடுவில் பானை மாதிரி ஒரு வயிறு. அந்த வயிற்றுக்குள் பல்சக்கரங்கள் எண்ணெயில் ஊறிக்கொண்டு சுற்றும், குழாய்களுக்குள் அச்சு ஓடும். வண்டியின் பின்பாரம் முழுவதும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. என் ஜீப் நின்ற இடத்திலெல்லாம் கறுப்பாக எண்ணெய் சொட்ட ஆரம்பித்ததும், ஜங்ஷன் ரோட்டில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்கிடம் ஓட்டிப்போனேன். ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேச மாட்டார். அடியில் படுத்துச் சேற்றைச் சுரண்டினார். சேறு வந்தது, அதோடு இரும்பும் செதில் செதிலாகக் கழன்று வந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். அது உள்ளே போய்விட்டது.

“உப்புல ஓட்டுன வண்டிம்மா இது. மேல பெயிண்ட் அடிச்சி வெச்சிருக்காங்க. அடியில ஒருத்தரும் ஒரு வாளி தண்ணி ஊத்துல.”

அது எனக்குப் புதிய செய்தி இல்லை. அளத்து உப்புத்தண்ணீரில் அந்த வண்டி எத்தனை வருடம் ஓடியது என்று எனக்குத் தெரியும். கழுவலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் ஜீப் என்ன எருமையா என்று என் வீட்டுக்காரர் கேட்டதும் நினைவிருந்தது.

மெக்கானிக் ஓட்டையின்மேல் ஒரு தகட்டை வைத்து வெல்டிங் அடித்துக் கொடுத்தார். இது நிற்காது என்று சொல்லிவிட்டுத்தான் அடித்தார். துருவுக்குள் எண்ணெய் ஊறிப்போயிருந்ததால் வெல்டிங் பிடிக்காமல் தீப்பொறி படபடவென்று தெறித்தது. கொஞ்ச நாள் நின்றது. பிறகு ஒரு நாள், டிரெய்லர் நிறைய ஈரமண்ணோடு குழியிலிருந்து மேலே ஏறும்போது, பின்னாலிருந்து ணங்கென்று ஒரு சத்தம் வந்தது. இறங்கிப் பார்த்தேன். வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே குழாய் விரிந்து, இடதுபக்கச் சக்கரம் சாய்ந்து நின்றது, கால் சுளுக்கிய மாடு மாதிரி. எண்ணெய் முழுக்க மண்ணில் இறங்கிவிட்டது. மண்ணை அங்கேயே கொட்டிவிட்டு, டிராக்டர் வைத்து ஜீப்பை வீட்டுக்கு இழுத்துவந்தோம்.

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, இனி ஒட்டுப்போட இதில் இரும்பே இல்லை என்றார். வேறு ஹவுசிங் கிடைத்தால் மாற்றலாம், ஆனால் இந்த மாடலுக்கு எங்கே கிடைக்கப்போகிறது, திருச்சியில் மிலிட்டரி வண்டி உடைக்கிற கடைகளில் தேடினால் உண்டு, அதற்கு யார் அலைவது, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் திருச்சி என்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

நான் கிளம்புவதற்குள் மரக்காணத்துக்குச் செய்தி போய்விட்டது. யார் சொன்னார்கள் என்று தெரியாது, விசாரிக்கவும் இல்லை. ஒரு மத்தியானம் அவர் வந்தார். சட்டை மடிப்புக் கலையாமல், கையில் பழப்பையோடு, பெண் பார்க்க வந்தவர் மாதிரி. அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், காப்பி கலந்தாள். அவர் என்னைப் பார்த்துப் பேசவில்லை, அம்மாவிடம்தான் பேசினார். நடந்தது நடந்துவிட்டது என்றார், புருஷன் பெண்டாட்டி என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும் என்றார், வண்டியை லாரியில் ஏற்றிப்போய் அங்கேயே சரிபண்ணிவிடுவதாகவும் நான் கூடவே கிளம்பிவிட வேண்டும் என்றும் சொன்னார். அம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அது சரி என்பதற்கான ஆட்டலா, கேட்டுக்கொண்டேன் என்பதற்கா, எனக்குத் தெரியவில்லை.

எழுந்திருக்கும்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

“இந்த ஜீப்பு ஓடுற வரைக்கும்தான உன் வீரம்? இப்ப ஓடல இல்ல?”

“ஓடும்” என்றேன்.

“ஓடலன்னா?”

“ஓடலன்னா நடந்து போவேன். அங்க வர மாட்டேன்.”

அவர் சிரித்தார். உப்பு வாரும் பெண்கள் கூலி கூட்டிக் கேட்டால் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. அவர் போனபிறகு அம்மா அழுதாள். தனக்குப் பின்னால் எனக்கு யார் என்று கேட்டாள். ஊரில் யாரும் அடிவாங்காமலா இருக்கிறார்கள் என்றும் ஒரு வார்த்தை சொன்னாள். அந்த வார்த்தைக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்பாவைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசவேண்டி வந்திருக்கும். பழப்பையை எடுத்துப்போய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, ஒரு சணல் கயிற்றோடு ஜீப்புக்கு அடியில் படுத்தேன். ஹவுசிங்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கயிற்றைப் பிடித்து முடிச்சுப் போட்டேன். ஸ்பிரிங் பட்டைகள் உட்காருகிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு முடிச்சு. நடு வயிற்றுக்கு இரண்டு. மறுநாள் காலை ரயிலுக்கு அம்மா தயிர்சாதம் கட்டிக்கொடுத்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

திருச்சியில் அந்தக் கடைகள் வரிசையாக இருந்தன. கடை என்று சொல்வதா, இரும்புக் காடு என்று சொல்வதா. லாரித் தலைகளும் ஜீப் எலும்புகளுமாக ஆள் உயரத்துக்குக் குவித்து வைத்திருந்தார்கள். முதல் கடைக்காரர், வீட்டில் ஆம்பளை யாரும் வரவில்லையா என்று கேட்டார். இல்லை என்றதும் கறுப்புப் பெயிண்ட் பளபளக்கும் ஒரு ஹவுசிங்கைக் காட்டினார். புதுசு மாதிரி என்றார். வீட்டுச் சாவியை எடுத்து வயிற்றுக்கு அடியில் சுரண்டினேன். பெயிண்ட் தோலாக உரிந்தது, அதற்குக் கீழே என் பழைய சிநேகிதன் இருந்தான், செதில் செதிலாக, பழுப்பாக. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. சாமானைக் கெடுத்துவிட்டதாகச் சத்தம் போட்டார். கெட்டுப்போன சாமானைத்தானே சுரண்டினேன் என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போனேன். அங்கே இருந்தது அளவு சேரவில்லை. அதற்கடுத்த கடையிலும் இல்லை.

கடைசியில் தெருக்கோடியில் ஒரு கடை. அங்கிருந்தவர் வாயிலிருந்து பீடியை எடுக்காமலே குவியலைக் கைகாட்டி, பார்த்துக்கொள்ளச் சொன்னார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். நான்கைந்து கனமான சாமான்களைப் புரட்டியபிறகு, அடியில், எண்ணெய்ப் பிசுக்கு விரல் தடிமனுக்கு அப்பிய ஒரு ஹவுசிங் கிடந்தது. பிசுக்கைச் சாவியால் வழித்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் சுத்தமான இரும்பு. அந்த அழுக்குதான் அதைக் காப்பாற்றியிருந்தது. கயிற்றை நீட்டிப் பிடித்தேன். முடிச்சுகள் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. குழாய் வளைந்திருக்கிறதா என்று பார்க்க, மேலேயும் பக்கத்திலும் கயிற்றை விறைப்பாக இழுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். நேராக இருந்தது. அந்த வெயிலில், அந்த இரும்புக் குவியல்மேல் உட்கார்ந்து, நான் கொஞ்ச நேரம் தனியாகச் சிரித்தேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, இறக்குவதற்கு இரண்டு பேரைக் கூப்பிட்டார்.

பாசஞ்சர் வண்டியின் லக்கேஜ் பெட்டியில் அதை ஏற்றுவதற்குள் போதும்போதும் என்றாகிவிட்டது. கார்டு, மற்ற மூட்டைகளில் எண்ணெய் படும் என்றார். கோணிப்பையால் சுற்றிக் கட்டினேன். இது என்ன சாமான், எந்த வகையில் எழுதுவது என்றார். வீட்டுச் சாமான் என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். விருத்தாசலம் ஜங்ஷனில் இறக்கி, மூன்று சக்கர வண்டியில் கிடத்தி, வண்டிக்காரர் மிதிக்க நான் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன். பாலக்கரையில் டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர், “இன்னாம்மா அது, பீரங்கியா?” என்று கேட்டார்.

“ஆமாங்க, பீரங்கிதான்” என்று சொல்லிவிட்டுத் தள்ளினேன்.

மெக்கானிக்கின் பட்டறை வாசலில் இறக்கியதும் அவர் கோணியைப் பிரித்துப் பார்த்தார். விரலால் தட்டினார், குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். முகம் ஒரு கணம் மலர்ந்தது. உடனே வாடிவிட்டது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“உங்க வூட்டுக்காரர் வந்துட்டுப் போனாரும்மா. வண்டியில கை வெக்கக் கூடாதுன்னாரு. நாளைக்கு ஒண்ணுன்னா, குடும்பத்துல பூந்து கெடுத்தவன்னு எம் பேருதான் அடிபடும்.”

“ஹவுசிங் மாத்துறதுல குடும்பம் எங்கண்ணா வருது?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஜாக்கியும் பெரிய ஸ்பேனர்களும் மட்டும் தரமுடியுமா என்று கேட்டேன். அதற்கு அவர் சரி என்றார். சாமான் வாடகைக்குக் கொடுப்பதை யாரும் குற்றம் சொல்ல முடியாதாம். அதே மூன்று சக்கர வண்டியில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

எங்கள் வீட்டுக் கொல்லையில், மழைக்குச் சேறாகாமல் இருக்க அப்பா காலத்தில் சூளையிலிருந்து உடைந்த பீங்கானைக் கொண்டுவந்து கொட்டி வைத்திருந்தார்கள். வெள்ளை வெளேரென்று இருக்கும். படுத்தால் முதுகைக் கிழிக்கும். இரண்டு கோணி போட்டுப் படுத்தும் கிழித்தது. வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சட்டத்துக்கு அடியில் கனமான மரக்கட்டைகளை அடுக்கி நிறுத்தினேன். சக்கரங்களைக் கழற்றினேன். பிரேக் குழாயைக் கழற்றினேன். இரண்டு பக்க அச்சுகளையும் உருவினேன். பட்டறையில் மற்ற வண்டிகளுக்குச் செய்வதை நின்று பார்த்ததுதான். பார்க்கும்போது எளிதாக இருந்தது. ஸ்பிரிங்கோடு ஹவுசிங்கைக் கட்டிவைத்திருக்கிற போல்ட்டுகள் மட்டும் அசையவே இல்லை. உப்பு அவற்றை ஒரே இரும்பாக ஆக்கியிருந்தது. டீசல் ஊற்றி ஊறவைத்தேன், ஸ்பேனரில் குழாயைச் செருகி ஏறி நின்றேன், ஸ்பேனர் வழுக்கி முழங்கையில் அடித்தது. கடைசியில் ஆக்ஸா பிளேடை எடுத்து அறுக்க ஆரம்பித்தேன்.

இரண்டாவது போல்ட்டை அறுத்துக்கொண்டிருக்கும்போது அம்மா கம்பெனியிலிருந்து வந்தாள். கொல்லைக் கதவில் நின்று பார்த்தாள். அவள் கால் மட்டும்தான் எனக்கு அடியிலிருந்து தெரிந்தது. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றினாள், பிறகு பீங்கான் சில்லு குத்தியதோ என்னவோ மறுபடி மாட்டிக்கொண்டாள்.

“எத புடிக்கணும்?” என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். நான் சொன்ன இடத்தைப் பிடித்தாள். பொம்மைக்கு இமை எழுதுகிற கை அது, நடுங்காது. நான் அறுக்க அறுக்க அவள் போல்ட்டை ஆடாமல் பிடித்துக்கொண்டாள், பிளேடு சூடாகும்போது எண்ணெய் விட்டாள். பழைய ஹவுசிங்கை இறக்கி வெளியே இழுத்துப் போட்டதும் இரண்டு பேரும் மூச்சுவாங்கிக் கொல்லைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தோம். அம்மாவின் புடவையிலும் கன்னத்திலும் கறுப்பு. அப்போதுதான் அவள், தான் ஒரு தடவையாவது இப்படிக் கிளம்பி வந்திருக்கவேண்டும் என்று சொன்னாள். எதிலிருந்து என்று சொல்லவில்லை. எழுந்து மிச்சத்தைக் கழற்றினோம்.

மறுநாள் காலை, புது ஹவுசிங்கை நாங்கள் மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. என் வீட்டுக்காரர்தான், கட்டி இழுக்கக் கயிற்றோடு வந்திருந்தார். கூட டிரைவர் ஒருவர். செத்த வண்டியையாவது கொண்டுபோகலாம் என்று வந்தாரோ, அதைக் கொண்டுபோனால் நானும் பின்னால் வந்துவிடுவேன் என்று நினைத்தாரோ. நேராகக் கொல்லைக்கு வந்தவர், சக்கரம் இல்லாமல் கட்டைமேல் நிற்கிற ஜீப்பையும், பிரித்துப் பரப்பிய சாமான்களையும், எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். எங்கே கயிற்றைக் கட்டுவது என்று டிரைவருக்கே தெரியவில்லை.

“யாரக் கேட்டுப் பிரிச்ச?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். கையிலிருந்த கந்தலைக் கீழே போடாமல் அவருக்கும் ஜீப்புக்கும் நடுவில் போய் நின்றாள்.

“மாப்ள, அந்தாண்ட நில்லுங்க. வண்டி கட்ட மேல நிக்குது.”

அவர் நகரவில்லை. அத்தையிடம் பேச வரவில்லை என்றார், தன் பெண்டாட்டியிடம் பேச வந்திருப்பதாகச் சொன்னார்.

“அவ சொன்னத அன்னிக்கே சொல்லிட்டா. நான்தான் வாய மூடிக்கினு இருந்தன். இப்ப நானும் சொல்றன், கேட்டுக்குங்க. அவ வர மாட்டா. நான் அனுப்ப மாட்டேன். நீங்க போயிட்டு வாங்க.”

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். போயிட்டு வாங்க என்று மரியாதையாகத்தான் சொன்னாள். பக்கத்து வீட்டுச் சுவர்மேல் அதற்குள் இரண்டு தலைகள் முளைத்திருந்தன. அவர் அந்தத் தலைகளைப் பார்த்தார். நான்கு பேர் பார்க்க அடிக்கத் தெரிந்தவருக்கு, நான்கு பேர் பார்க்க அவமானப்படத் தெரியவில்லை. ஜீப்பின் பக்கம் கையை ஓங்கிக் காட்டி, இது ஓடிவிட்டால் தான் மீசையை எடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அவர் மீசையில் அக்கறை இல்லை. அம்மாவை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

ஹவுசிங்கின் வயிற்றுக்குள் இருந்த பல்சக்கரங்களைப் பழையதிலிருந்து புதியதற்கு மாற்றவேண்டும். கிரவுன் என்கிற பெரிய சக்கரமும் பினியன் என்கிற சின்னதும் ஒன்றோடொன்று சரியான இடத்தில் கவ்வவேண்டும். மயிரிழை தள்ளி உட்கார்ந்தாலும் கத்தும், அல்லது பல் உடையும். அது என்னால் ஆகாது என்று எனக்குத் தெரியும். கிரவுனை ஒரு பக்கெட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். ஆட்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே மெக்கானிக்கின் மேசைமேல் வைத்தேன். மீதி எல்லா வேலையும் முடிந்துவிட்டது, இது ஒன்றுதான் பாக்கி, முடியாது என்றால் சேத்தியாத்தோப்பில் டிராக்டர் மெக்கானிக் இருக்கிறார், பஸ் ஏறிவிடுகிறேன் என்று சொன்னேன்.

அவர் கிரவுனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொல்லையில் நடந்தது அவர் காதுக்கும் வந்திருக்கவேண்டும்.

“போல்ட்டெல்லாம் யாரு அறுத்தது?”

“நானும் எங்கம்மாவும்.”

“ஞாயித்துக்கெழம வரேன். வூட்டுக்கே வரேன்” என்றார். பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு, தான் முன்பே வந்திருக்கவேண்டும் என்றார். நான் அதற்கு ஆமாம் என்றேன்.

சொன்னபடி வந்தார். மெல்லிய தகடுகளை ஒன்றொன்றாகச் சேர்த்தும் எடுத்தும் கிரவுனை உட்காரவைத்தார். பல்லோடு பல் எங்கே ஒட்டுகிறது என்று பார்க்க நீலம் தடவிச் சுற்றிப் பார்க்கவேண்டும். அவருடைய டப்பாவில் நீலம் காய்ந்து கட்டியாகிவிட்டிருந்தது. அம்மா உள்ளே போய்ப் பொம்மைக்கு எழுதும் நீலப்பொடியைக் கொண்டுவந்து எண்ணெயில் குழைத்தாள். அது மண்ணுப் பொடி, பல்லை அரைத்துவிடும் என்று அவர் தயங்கினார். அப்புறம் கழுவிக்கொள்ளலாம் என்றாள் அம்மா. பொம்மைத் தூரிகையாலேயே பல்லுக்குப் பல் தடவினாள். முதல் தடவை நீலம் பல்லின் ஓரத்தில் ஒட்டியது. தகடு மாற்றினார். மறுபடி தடவினாள். வெயில் உச்சிக்கு வரும்வரை இதையே செய்தோம். கடைசியில் நீலம் பல்லின் நடுவில், வேப்பிலை வடிவத்தில் வந்து நின்றது. அவர் சப்பணமிட்டு உட்கார்ந்து டீ கேட்டார். அம்மா டீ போட்டுவந்த பிறகு எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் இரண்டு முறை கழுவி, புது எண்ணெய் ஊற்றி மூடினோம்.

முதல் ஓட்டத்தில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த ஜீப்பில் அவள் ஏறியதே இல்லை. ஏறினால் நான் தங்கிவிட்டதாக ஆகிவிடும் என்று பயந்தாளோ என்னவோ. மெயின் ரோட்டில் கொஞ்சம் வேகம் எடுத்ததும் பின்னாலிருந்து வூங்கென்று ஒரு ஓசை வந்தது. பழைய பல், புதுக் கூடு, அப்படித்தான் இருக்கும், வேகத்தைக் குறைத்தால் கேட்காது என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். நான் குறைக்கவில்லை. மாலைப் பூசைக்கு நேரமாகியிருந்தது. எல்லாரும் கோயிலுக்குள் போய்க்கொண்டிருந்த சமயத்தில், அந்தச் சத்தத்தோடேயே வளாகத்துக்குள் போய், மாதா சிலை இருக்கும் கெபி ஓரத்தில், பைக்குகளுக்கு நடுவில் நிறுத்தினேன். இறங்கும்போது அம்மாவின் விரலிடுக்கில் நீலம் போகாமல் இருந்தது. நன்றாகத் தலையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பொண்ணு எப்போ ஊருக்குப் போகிறாள் என்று வழக்கமாகக் கேட்கிற ஒருத்தி அன்றும் கேட்டாள். பொண்ணு இங்கேதான் இருக்கிறாள், அவளுக்கு இதுதான் ஊர் என்று அம்மா சொன்னாள். இரண்டு வாக்கியத்தில் அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. அத்தனை மாதம் அதற்கு நாங்கள் ஏன் அவ்வளவு பயந்தோம் என்று இருந்தது.

கார்த்திகையில் மழை கொட்டியது. மண் குழிக்குள் நான் இறங்காத நாள் இல்லை. ஜீப்பை இரும்புக்கடையில் போடச் சொன்ன சூளைக்காரரும் ஆள் அனுப்பினார். அவருக்கும் மண் அடித்தேன், மற்றவர்களுக்கெல்லாம் அடித்து முடித்த பிறகு.

சில வருடங்கள் கழித்து விழுப்புரத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் மரக்காணத்துக்காரரைப் பார்த்தேன். பந்தியில் எதிர்வரிசையில் இருந்தார். மீசை இருந்தது. எழுந்து கைகழுவப் போகும்போது பக்கத்தில் வந்து, எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை, ஜீப் ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது, வெளியே நிற்கிறது, வேண்டுமானால் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் போய்ப் பார்த்தாரா என்று தெரியாது. நான் சாப்பிட்ட இலையை மடித்துப் போட்டுவிட்டு, மணப்பெண்ணிடம் சொல்லிக்கொண்டு, அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பினேன். மறுநாள் திட்டக்குடிக்குப் பொம்மை லோடு இருந்தது.